பத்தாயிரம் கிலோமீட்டருக்கு நடுவே

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் 1975ஆம் ஆண்டிலிருந்து இந்த வட்டாரத்துச் சாலைகளில் பேருந்துகளை ஓட்டி வருகிறது. இரவில் பணிமனைக்குத் திரும்பும் பேருந்துக்கு டீசல் போட்டதும் வேலை முடிந்துவிடாது. ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், டயர், பிரேக் எல்லாவற்றையும் பார்த்து, ஓட்டுநர் எழுதிவைத்த குறைகளைக் கவனித்த பிறகுதான் அது மறுநாள் வழித்தடத்துக்குப் போக வேண்டும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும் வண்டிக்கு இந்த அன்றாடக் கவனிப்பே உயிர். அதே சாலையில் ஓடும் நம் சொந்தக் காருக்கோ அது கிடைப்பதில்லை. பெட்ரோல் கார் என்றால் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது ஷோரூமில் விடுகிறோம். பில் கட்டி எடுத்து வருகிறோம். அடுத்த தவணை வரை பானெட்டைத் திறப்பதே இல்லை. பராமரிப்பை நாமே செய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் பணம் மிச்சமாகும் என்பதைத்தான் முதலில் எடுத்துவைப்பார்கள். அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. வண்டி கெடத் தொடங்குவது இரண்டு சர்வீஸுக்கு நடுவில்தான். அந்த இடைப்பட்ட காலம் முழுக்க வண்டியோடு இருப்பவர் அதன் உரிமையாளர் மட்டுமே.

திண்டிவனம், வானூர் பக்கம் இருக்கும் கல் குவாரிகளையும் ஜல்லி கிரஷர்களையும் எடுத்துக்கொள்வோம். டிப்பர் லாரிகள் போகும் சாலையில் தினமும் ஓடும் காரின் ஏர் ஃபில்டரும், சென்னையில் அடுக்குமாடி வீட்டின் அடித்தளத்தில் நிற்கும் காரின் ஏர் ஃபில்டரும் ஒரே வேகத்தில் அடைபடாது. கருங்கல் தூள் கடினமானது. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உரசித் தேய்த்துவிடும். காருடன் வரும் கையேட்டைப் புரட்டினால், புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்குக் குறுகிய இடைவெளியில் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லித் தனி அட்டவணையே இருக்கும். அந்த வண்டி எந்தச் சாலையில் ஓடியது என்பது சர்வீஸ் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாது. உரிமையாளருக்குத் தெரியும். பல கார்களில் நாலைந்து கிளிப்பை விடுவித்தால் ஃபில்டர் கையோடு வந்துவிடும். ஸ்பேனர்கூடத் தேவைப்படாது.

டயரும் அப்படித்தான். காற்று மெல்ல மெல்லக் குறைவது இயல்பு. குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது டயரின் பக்கச்சுவர் திரும்பத் திரும்ப மடங்கிச் சூடேறும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் அதோடு சேர்ந்தால் டயர் வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. சரியான காற்றழுத்த அளவு, பல கார்களில், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அந்த அளவைச் சரிபார்க்க வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மழைச்சாலையில் அதை நம்பக் கூடாது. மரக்காணம் உப்பளப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் அடிப்பாகத்தில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவினால் துரு ஏறுவது தள்ளிப்போகும். இவற்றில் எதுவும் ஆண்டுக்கு ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டு, அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீரில் நின்றுபோன காரை ஸ்டார்ட் செய்யலாமா கூடாதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. காற்றை அழுத்துவதுபோல் தண்ணீரை அழுத்த முடியாது. காற்றுக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே வீணாகலாம். எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்க்காத காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது, அது நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் வரும் ஆயில் பால் கலந்ததுபோல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் சாவியைத் தொடாமல் வண்டியைக் கட்டி இழுத்துப்போவார். வெள்ளத்தின் நடுவில் ஷோரூமைத் தேடிப் போய் இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பணக் கணக்கும் இந்த அறிவிலிருந்துதான் பிறக்கிறது. ஷோரூம் பில்லில் ஆயில், ஃபில்டர் விலையோடு கூலியும், கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கும். சில இடங்களில் நாம் கேட்காத சுத்திகரிப்பு வேலைகளும் அதில் வரிசையாக நிற்கும். போன மாதம் தானே ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தவர், மாற்ற வேண்டும் என்று சொல்லும்போது பழையதைக் காட்டச் சொல்வார். பார்க்கத் தெரியாதவருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நாமே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்பது பலருடைய அச்சம். இது நியாயமான அச்சம், ஆனால் முழு உண்மையில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் தங்கள் டீலர்களுக்குள் முடக்கி வைத்தன என்பது குற்றச்சாட்டு. வெளியில் சர்வீஸ் செய்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரண்டி காலத்தில் குறித்த தேதிச் சர்வீஸை டீலரிடமே செய்து பதிவு வைத்துக்கொள்வது விவேகம். ஆயில் அளவு பார்ப்பதாலோ காற்றடிப்பதாலோ எந்த வாரண்டியும் போகாது. வாரண்டி முடிந்தபின் ஆயில், ஃபில்டர் மாற்றுவதை நாமே எடுத்துக்கொள்ளலாம். கையேடு சொல்லும் தரத்தில் வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்தி, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால் விற்கும்போதும் அது பேசும்.

இன்றைய கார் கம்ப்யூட்டர்மயமாகிவிட்டது, சாமானியருக்கு அதில் என்ன வேலை என்பார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணு மாறியிருப்பது உண்மைதான். ஆனால் டயரில் காற்றும், எஞ்சினில் ஆயிலும், தொட்டியில் கூலன்ட்டும், பேட்டரி முனையில் படியும் வெள்ளைப் பொடியும் அன்றுபோலவே இன்றும் இருக்கின்றன. எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், ஏசி கேஸ், டைமிங் பெல்ட், மின்சாரக் காரின் உயர் மின்னழுத்தப் பகுதி ஆகியவை பயிற்சி பெற்றவரின் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. வடித்த பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றினால் அடுத்த மழையில் அது ஏரிக்குப் போய்ச் சேரும். ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கும் மாவட்டம் விழுப்புரம். கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்க முடியாதவர், ஆயில் மாற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நல்லது.

எல்லாரும் தாங்களே பார்த்துக்கொண்டால் மெக்கானிக் ஷெட்காரர்கள் பிழைப்பு என்னாகும் என்ற கவலையும் உண்டு. நடப்பது நேர்மாறானது. கிளட்சில் மாற்றம் தெரிகிறது, இந்தப் பக்கம் ஆயில் கசிகிறது என்று குறிப்பாகச் சொல்லும் வாடிக்கையாளர், குறை சிறிதாக இருக்கும்போதே ஷெட்டுக்கு வருகிறார். நல்ல கைவேலையின் மதிப்பு தெரிந்து கூலி கொடுப்பவரும் அவர்தான்.

இதற்கெல்லாம் படிப்பு வேண்டாமா என்று தயங்குபவர்களுக்கு இந்த மாவட்டத்தின் வயல்களே விடை. கரும்புக்கும் நெல்லுக்கும் ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைத்த தலைமுறை, எஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் குறையைச் சொன்னது. இன்றைக்கும் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து, பல மாடல்களில் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆயில் மாற்றுகிறார். உழவு முடிந்ததும் ஏர் கிளீனரில் தங்கிய புழுதியைப் பார்க்கிறார். உழுகிற பருவத்தில் வண்டி நின்றால் பயிர் காத்திருக்காது என்பதால் வந்த பழக்கம் அது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழு, விவசாயக் கருவிகளையும் வாகனங்களையும் ஒரே பட்டியலில் வைத்தது பொருத்தமானது. டிராக்டருக்குக் காட்டும் அக்கறையை அதே வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் காட்ட, புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் சூடாவதற்கு முன், பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நிற்கிறதா என்பதை அடுத்த சர்வீஸ் வரை நமக்காகப் பார்க்க வேறு ஆள் இல்லை.