28 வருஷம் பூட்டிக் கிடந்த மலை... இப்போ எப்படி இருக்கு?

கோடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்றிருக்கிறீர்களா? சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி நிறைந்திருந்தால், உங்க நிழலே பூதம் மாதிரி பனி மேல் விழும். தலையைச் சுற்றி வானவில் வட்டம் வேற! இதற்குப் பெயர் 'ப்ரோக்கன் ஸ்பெக்டர்'. உடைஞ்சதுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. ப்ரோக்கன் என்பது ஜெர்மனியில் ஹார்ஸ் மலைத்தொடரில் இருக்கும் ஒரு சிகரம். இந்தக் காட்சியை 1780-ல் முதன்முதலில் பதிவு செய்தது அங்கேதான்.

உயரம் 1,141 மீட்டர். நம்ம ஏற்காட்டைவிடக் குறைவு! ஆனால், உச்சியில் மரமே வளராது. வட ஜெர்மனி சமவெளியைக் கடந்து வரும் கடல்காற்று முதலில் மோதுகிற பெரிய மலை இதுதான். வருஷத்தில் சராசரியாக 300 நாள்களுக்கு மேல் மூடுபனி. 1984 நவம்பரில் காற்றின் வேகம் மணிக்கு 263 கி.மீ. 1970 ஏப்ரலில் 380 செ.மீ பனி குவிந்து கிடந்தது. ஏப்ரல்ல, நம்ம ஊர்ல வெயில் கொளுத்துற மாசம்!

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது, மலை கிழக்கு ஜெர்மனி பக்கம் போனது. எல்லைக்கோடு கூப்பிடு தூரம். 1961-ல் பொதுமக்கள் மேலே போகத் தடை விழுந்தது. சுற்றிலும் தடுப்பு இல்லாத உயரம் என்பதால், மேற்கு ஜெர்மனியின் ரேடியோ, தொலைபேசிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சோவியத் ராணுவமும் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியும் ஆளுக்கொரு பக்கம் ஆன்டெனா வைத்தன. உச்சியைச் சுற்றி சுமார் 3.6 மீட்டர் உயர கான்கிரீட் சுவர். அடிவாரத்தில் பிறந்தவர்கள்கூட அண்ணாந்து பார்க்க மட்டும்தான் முடிந்தது.

பெர்லின் சுவர் திறந்து சில வாரங்கள் கழித்து, 1989 டிசம்பர் 3 அன்று, மக்கள் கூட்டமாக மலையேறி வாசலில் நின்றார்கள். கேட் திறந்தது. அடுத்த வருஷமே கிழக்குப் பக்கம் தேசியப் பூங்கா ஆனது. மேற்குப் பக்கத்துப் பூங்காவோடு 2006-ல் ஒன்றாக இணைந்தது. கடைசி ரஷ்ய வீரர்கள் இறங்கிப் போனது 1994-ல். 2000-லிருந்து லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனத்தையும் கொண்டுவந்து விட்டார்கள்.

இதோடு 'சுபம்' போட்டுடலாம்னு நினைச்சா, அங்கேதான் சிக்கல். இன்று ரயிலில் போனால் ஜன்னலுக்கு வெளியே தெரிவது ஆயிரக்கணக்கான செத்த மரங்கள்.

ஹார்ஸ் ஒரு காலத்தில் சுரங்க ஊர்கள் நிறைந்த பகுதி. இருந்த காட்டை வெட்டித் தீர்த்துவிட்டு, வேகமாக வளரும் ஸ்ப்ரூஸ் மரங்களை மட்டும் வரிசை வரிசையாக நட்டார்கள். ஸ்ப்ரூஸுக்குக் குளிரும் ஈரமும் வேணும். உச்சிக்குக் கீழே அது இயற்கையான மரம்தான். தாழ்வான சரிவுகளுக்கு மனுஷன் கொண்டுவந்த மரம். தண்ணீர் இருக்கும் வரை, பட்டையைத் துளைக்க வரும் வண்டைப் பிசினால் மூழ்கடித்துவிடும். 2018-ல் தொடங்கிய வறண்ட, சூடான கோடைகளில் பிசின் சுரக்கத் தெம்பில்லை. வண்டுகள் உள்ளே போய் முட்டையிட, புழுக்கள் மரத்தின் உணவுப் பாதையையே தின்றுவிட்டன.

பூங்கா நிர்வாகம் பெரும்பகுதியில் கை வைக்கவில்லை. இயற்கை தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் தேசியப் பூங்காவின் அடிப்படை விதி. 2022 செப்டம்பரில் ப்ரோக்கன் அருகே பெரிய தீ பிடித்தபோது, 'காய்ந்த கட்டையை அப்படியே விட்டதால்தான் இது' என்று கோபப்பட்டவர்கள் உண்டு. வீட்டுப் பக்கத்துல காடு எரிஞ்சா யாருக்குத்தான் பயம் வராது? ஆனாலும், பூங்கா சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அந்தக் கட்டைகள் மண்ணின் ஈரத்தைக் காக்கின்றன. நடுவே பிர்ச், ரோவன் கன்றுகள் யாரும் நடாமலே முளைத்து வருகின்றன.

போகணும்னு ஆசையா? வெர்னிகரோடே ஊரிலிருந்து நீராவி ரயில் உச்சி வரை போகிறது. ஸ்டாசியின் ஒட்டுக்கேட்புக் கட்டடம் இப்போது மியூசியம். கோடையாக இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.