வானிலை அறிக்கையும் கிராமப் பெண்மக்களும்

வட மாவட்டங்களில் ஆனி, ஆடி மாதங்களில் மானாவாரியாக விதைக்கப்பெறும் நிலக்கடலை, புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் பிடுங்குதற்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் சராசரியாக அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டியே தமிழ்நாட்டில் ஆரம்பமாகிறது. ஆகவே, களத்திற் பரப்பிய காய் மழையில் அகப்பட்டுக்கொள்வது இப்பக்கத்து விவசாயிகள் அனைவருக்கும் பழகிய சங்கதியே.

இந்திய வானிலை இலாகா 1945-ம் வருஷம் முதற்கொண்டு விவசாயிகளுக்கென வானொலி அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. இக்காலத்தில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகள்தோறும், வரும் ஐந்து நாளைய மழை, வெப்பம், காற்று ஆகியவற்றோடு பயிர் யோசனைகளும் வெளியாகின்றன; கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். குறை அறிக்கையில் இல்லை. அது சென்று சேரும் இடத்தில் இருக்கிறது.

காய் ஆய்வதும், களத்திற் பரப்பிக் கிளறுவதும், அந்தியில் குவித்து மூடுவதும், விதைக்காய் பொறுக்கி வைப்பதும் அநேகமாகப் பெண்மக்களின் வேலைகள். தொலைபேசியோ ஆடவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் சந்தைக்கோ சங்கத்துக்கோ போயிருப்பார். மழைச் செய்தி அவருக்குக் காலையிலேயே தெரியும். களத்தில் நிற்பவளுக்குத் தூற்றல் விழுந்த பின்னரே தெரியும்.

நனைந்த காயை மறுநாள் வெயிலில் போட்டுவிட்டாற் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது பிசகு. ஈரம் நின்ற காயில் ஒருவகைப் பூஞ்சக்காளான் வளர்ந்து, அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. பிறகு உலர்த்தினாலும் வறுத்தாலும் அது முற்றும் நீங்குவதில்லை. ஈரலைக் கெடுக்க வல்லது. அக்கடலையின் பிண்ணாக்கைத் தின்னும் பசுவின் பாலிலும் அந்நஞ்சின் கூறு கலக்கிறது. ஆகவே, நஷ்டம் வியாபாரியிடம் குறையும் விலையோடு நிற்பதில்லை. காயின் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்குள் வரும்வரை அதை நனையவிடலாகாது. இந்த ஜாக்கிரதைக்கு உரியவளுக்கே மழைச் செய்தி எட்டவில்லையெனில் அறிக்கையால் என்ன பயன்?

2015-16-ம் வருஷ விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துவோரில் நூற்றுக்குச் சுமார் 14 பேரே பெண்கள். களை வெட்டுவோரையும் நாற்று நடுவோரையும் பார்த்தவர்கள் இக்கணக்கைக் கண்டு வியப்படையக்கூடும். பட்டா யார் பெயரிலோ அவரது தொலைபேசி எண்ணையே பதிவு செய்தால், மற்றவர் விடுபட்டுப் போவார். இறந்த கணவர் பெயரிலேயே பட்டா இருக்கச் சாகுபடி செய்யும் கைம்பெண்கள் பல கிராமங்களில் உண்டு. கிராம நிர்வாக அலுவலர்கள் பதிவின்போது, வேலை செய்பவளின் எண்ணையும் கேட்டு வாங்குவது அவசியம்.

தொலைபேசி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. 1998-ம் வருஷம் தொடங்கிப் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அறிவு மையங்களை ஏற்படுத்தினர். வீராம்பட்டினம் என்னும் மீனவர் கிராமத்தில் கடலின் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகில் ஏறுவோர் காதிலும் வீட்டிலிருப்போர் காதிலும் செய்தி ஒருசேர விழுந்தது. நம் கிராமங்களில் திருவிழாவுக்கு எடுக்கும் ஒலிபெருக்கியை வாரத்தில் இரண்டு நாள் இதற்கும் எடுக்கலாம். கோவில் நிர்வாகிகள் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம்.

அறிவிக்கும் வேளையையும் கவனிக்கவேண்டும். காலையில் பெண்கள் வேலைக்குப் புறப்படுமுன், அல்லது விளக்கு வைத்த பின், வாசித்தலே நலம். சொற்களையும் விளக்கிச் சொல்லவேண்டும். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்பது பொருள். இதை அறியாதவர்கள் ஒருமுறை மழை பெய்யாமற் போனதும் அறிக்கையே பொய்யென்று தள்ளிவிடுகிறார்கள். களத்துக் காயை மூடுவது பற்றியும், தீவனத்தை நனையாமற் சேர்ப்பது பற்றியும் இரண்டு வார்த்தை சேர்த்து வாசித்தால், பெண்மக்கள் தாமாகவே நின்று கேட்பார்கள். இவ்வருஷம் ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு கிராமத்திலும் வாசிப்பதற்கு ஒருவரை நியமித்துக்கொள்ளவேண்டும். அவர் ஒரு பெண்ணாயிருந்தால் மிகவும் அனுகூலம்.