சாயங்கால ரயிலும் கீரைக்கட்டும்... புறநகரின் அன்றாடத் தேவையே சிறு விவசாயிக்குச் சந்தை!

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு மின்சார ரயில் வந்து நிற்கும்போதும் ஒரு கூட்டம் இறங்குகிறது. எழும்பூர், கிண்டி, தாம்பரம் என்று வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். வீட்டுக்குப் போனதும் இரவுச் சமையல். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சாப்பாடு கட்ட வேண்டும். அதற்கான காய் வாங்குவது நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில்தான். அந்தப் பத்து நிமிடத்தில் எதிரே தெரியும் கடைக்குத்தான் வியாபாரம்.

தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என ஜி.எஸ்.டி சாலையை ஒட்டிய ஊர்களில் ஏரிப் பாசன வயல்கள் பலவும் மனைகளாகிவிட்டன. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஆனாலும், பெரிய சாலையிலிருந்து உள்ளே போனால் நெல்லும் கீரையும் கத்திரியும் வெண்டையும் இன்னும் விளைகின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்த வீடுகளைத் தாண்டித்தான் காய்கறி கோயம்பேட்டுக்குப் போகிறது. சுமார் 30 கிலோமீட்டர் போய், கைமாறி, அதே சாலையில் திரும்பி வந்து அதே வீடுகளுக்கு விற்கப்படுகிறது. போகும் வாடகையும் வரும் வாடகையும் சேர்ந்து, விளைவித்தவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்கின்றன. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறிய நாள்களில், வீட்டு வாசலுக்கு வந்த காய்கறி வண்டிகளையே பல குடும்பங்கள் நம்பியிருந்தன. பக்கத்தில் விளைவதன் அருமை அப்போது புரிந்தது.

எதை, எங்கே வாங்குகிறார்கள்?

புறநகர்க் குடும்பம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குவதில்லை. அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் ரேஷன் கடையில். மாதச் சாமான் சூப்பர் மார்க்கெட்டிலோ, கணக்கு வைத்திருக்கும் அண்ணாச்சி கடையிலோ. அவசரத்துக்கு மொபைல் செயலி. வெங்காயமும் தக்காளியும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் குட்டியானை வண்டியில். நாள் தாங்கும் பொருளில் சிறு விவசாயி இவர்களோடு மோதி ஜெயிப்பது கடினம்.

ஆனால் கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பிஞ்சு வெண்டை, வாழை இலை, முருங்கைக்கீரை ஆகியவை வாடிப்போகும் சரக்கு. காலையில் பறித்து மாலையில் கைக்கு வந்தால்தான் மதிப்பு. இந்த இடத்தில் தூரத்து வியாபாரியைவிடப் பக்கத்து விவசாயிக்குத்தான் பலம். சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அரைக்கீரையைத் திரும்பத் திரும்ப அறுக்கலாம். வாரம் ஒரு பாத்தி வீதம் விதைத்து வந்தால் தினமும் கட்டு இருக்கும்.

அளவும் முக்கியம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஒரு கட்டு போதும். தண்டின் மண்ணை அலசி, மஞ்சள் இலையைக் கழித்துக் கட்டினால், வேலையிலிருந்து களைத்து வருபவர் யோசிக்காமல் எடுப்பார்.

நாளும் கிழமையும்

வாங்கும் பழக்கம் நாள்காட்டியோடு சேர்ந்தது. ஞாயிறு காலை கூட்டம் கறிக்கடையில் நிற்கும். அங்கே கொத்தமல்லியும் புதினாவும் எலுமிச்சையும் போகும். அமாவாசை, கிருத்திகைக்கு வாழைக்காய், வாழை இலை. ஆடியில் கூழுக்குக் கேழ்வரகும் முருங்கைக்கீரையும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் இல்லை, காய்க்குத் தேவை கூடும். ஆயுத பூஜைக்கு வெண்பூசணி. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து, மொச்சை, பனங்கிழங்கு. இதைப் பார்த்து விதைத்தால் விலை தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு நாள் வரவு செலவு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒருவரிடம் 200 கட்டு கீரை இருக்கிறது. மொத்தமாகக் கட்டு 7 ரூபாய்க்குப் போட்டால் 1,400 ரூபாய். வண்டி வாடகை, கூலி, கமிஷன் 350 போக, கையில் 1,050.

அதையே மாலையில் நேரடியாக விற்றால் 120 கட்டு 15 ரூபாய்க்கு 1,800. மீதி 80 கட்டைக் கடைக்காரருக்கு 8 ரூபாய்க்குக் கொடுத்தால் 640. மொத்தம் 2,440. பெட்ரோல் 100, உட்கார்ந்து விற்பவரின் கூலி 400 போக, 1,940.

மழை வந்தால்? 50 கட்டுதான் விற்கும், 750 ரூபாய். கடைக்காரர் 60 கட்டு எடுத்தால் 480. மீதி 90 கட்டு மாட்டுக்கு. செலவு போகக் கையில் நிற்பது 730. மொத்த விற்பனையைவிட 320 ரூபாய் குறைவு!

ஆகவே, எல்லாச் சரக்கையும் ஒரே நாளில் நேரடி விற்பனைக்கு மாற்றுவது ஆபத்து. முதலில் கால் பங்கு. வாடிக்கை கூடக் கூட அளவைக் கூட்டலாம். இரண்டு கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது மழைநாளைக் காப்பாற்றும். வீட்டுப் பெண்களின் உழைப்பையும் கூலியாக எழுதிக்கொண்டால்தான் அது உண்மையான லாபக் கணக்கு.

தெரிந்துகொள்ள வேண்டியவை

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. அங்கே விற்க விவசாயி அடையாள அட்டை வேண்டும். கடைக்கு வாடகை கிடையாது. அட்டைக்கு வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களை அணுக வேண்டும்.

சாலையோரம் விற்பவர்களுக்கு 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் உண்டு. நகர விற்பனைக் குழு மூலம் உள்ளாட்சி அமைப்பு விற்பனைச் சான்று தருகிறது. அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. சான்று வாங்கி வைத்திருப்பவரை எழுப்ப வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது சட்டம். ரயில்வே இடத்தில் கடை போட ரயில்வேயின் அனுமதி தேவை. எனவே நிலைய வாசலைவிட, வீடுகளுக்குப் போகும் தெருமுனையே நல்லது.

எடை போட்டு விற்பவர்கள் எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் வேலை. மாவு, எண்ணெய், ஊறுகாய் என்று பக்குவம் செய்து விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் தேவை.

எல்லாவற்றுக்கும் மேல், தினமும் அதே இடம், அதே நேரம். இன்று வந்து நாளை வராதவரை நம்பி யாரும் குழம்புக்குத் திட்டம் போடுவதில்லை. வர முடியாத நாளை முந்தின மாலையே சொல்லிவிட்டால் வாடிக்கை உடையாது. சுற்றிலும் வயல் மனையாகிக்கொண்டிருக்கும் ஊரில், மிச்சமிருக்கும் அரை ஏக்கரை விற்காமல் வைத்திருக்க ஒரு காரணம் வேண்டும். அந்த மனைகளில் குடிவந்தவர்களின் அடுப்படியே அந்தக் காரணமாக அமையலாம்.