டாலர் நோட்டுக்கு முகம் தந்தவர்... கடனிலேயே மறைந்தார்!

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். உதட்டை இறுக மூடிக்கொண்டு, லேசாக ஒரு பக்கம் திரும்பியிருப்பார் ஜார்ஜ் வாஷிங்டன். அந்த முகத்துக்கு மூலமான ஓவியத்தை 1796-ல் வரைந்தவர் கில்பர்ட் ஸ்டூவர்ட். ஆச்சர்யம் என்னவென்றால், அந்த ஓவியத்தை அவர் கடைசிவரை முடிக்கவே இல்லை. அதுவும் வேண்டுமென்றே!

1755-ல் ரோட் ஐலண்டில் பிறந்தவர் ஸ்டூவர்ட். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், மூக்குப்பொடி ஆலை நடத்தினார். ஆலையும் வீடும் ஒரே கட்டடம். மகனையும் பொடிப் பழக்கம் கடைசிவரை விடவில்லை.

1775-ல் லண்டன் போனார். கையில் காசில்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தார். பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே பெரிய ஓவியராகியிருந்த பெஞ்சமின் வெஸ்ட்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

ஒருநாள் வில்லியம் கிரான்ட் என்ற கனவான் படம் வரைந்துகொள்ள வந்தார். கடும் குளிர். ‘இந்தக் குளிருக்கு ஸ்கேட்டிங் போகலாமே’ என்று பேச்சு வர, இருவரும் ஹைட் பார்க் ஏரிக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே தோன்றிய யோசனைதான், பனிக்கட்டி மேல் கைகட்டியபடி சறுக்கும் மனிதரின் முழு உருவ ஓவியம். 1782-ல் ராயல் அகாடமி கண்காட்சியில் அது இடம்பெற்றதும் ஸ்டூவர்ட் ஒரே நாளில் பிரபலம்.

பணம் கொட்டியது. வந்ததைவிட வேகமாகப் போனது. கணக்கு வழக்கு அவருக்கு என்றுமே ஒத்துவராத விஷயம். கடன் கழுத்தை நெரிக்க, 1787-ல் டப்ளினுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. 1793-ல் அமெரிக்கா திரும்பியபோது அவர் மனதில் இருந்த திட்டம் ஒன்றே ஒன்று: வாஷிங்டனை வரைந்து, நகல் எடுத்து விற்றுக் கடனை அடைப்பது.

எதிரில் அமர்பவரிடம் கதை பேசிப் பேசியே முகத்தில் உயிரை வரவழைப்பதில் ஸ்டூவர்ட் கெட்டிக்காரர். வாஷிங்டனிடம் அந்த வித்தை எடுபடவில்லை. போதாக்குறைக்குப் பொய்ப்பல் செட் வேறு. நோட்டில் வாய்ப்பகுதி உப்பலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

இந்த ஓவியத்தைக் கேட்டவர் வாஷிங்டனின் மனைவி மார்த்தா. கூடவே தன் படத்தையும். முகத்தை மட்டும் அற்புதமாக வரைந்த ஸ்டூவர்ட், கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட வெறும் கான்வாஸாகவே விட்டுவிட்டார். முடித்தால் கொடுக்க வேண்டுமே! முடியவில்லை என்று சொல்லிச் சொல்லியே தன்னிடம் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து அறுபதுக்கும் மேற்பட்ட நகல்கள் வரைந்தார். விலை 100 டாலர். ‘என் நூறு டாலர் நோட்டுகள்’ என்று கிண்டலாகவும் சொல்லிக்கொள்வார். மார்த்தா 1802-ல் இறந்தார். ஓவியம் அவர் கைக்கு வரவே இல்லை. மேதையாக இருந்தாலும் இது நியாயமில்லைதான்.

அதே 1802-ல் இன்னொரு கூத்து. ஒரு வியாபாரி, ஸ்டூவர்ட் வரைந்த வாஷிங்டன் படத்தை சீனாவுக்குக் கொண்டுபோய், கண்ணாடியில் நகல் எடுத்து வந்து விற்க ஆரம்பித்தார். கொதித்துப்போன ஸ்டூவர்ட் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். மார்த்தாவுக்கு அந்த உரிமை தோன்றாமல் போனது யார் செய்த பாக்கியமோ!

அமெரிக்காவின் முதல் ஆறு ஜனாதிபதிகளையும் வரைந்த இந்தக் கை, 1828-ல் பாஸ்டனில் ஓய்ந்தது. மிச்சமிருந்தது கடன்தான். பெயர் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தினர் உடலை நியூபோர்ட்டுக்கு மாற்ற நினைத்தபோது, இடம் எது என்றே அடையாளம் தெரியவில்லை.

கடைசி மகள் ஜேனுக்கு அப்போது பதினாறு வயதுகூட இருக்காது. அப்பாவிடம் வண்ணம் அரைத்தே தொழிலைக் கற்றவர் அவர். அம்மாவையும் அக்காக்களையும் காப்பாற்ற, தூரிகையைக் கையில் எடுத்தார். அவர் வரைந்து விற்ற படங்களில் பல, அப்பா வரைந்த அதே வாஷிங்டனின் நகல்கள்!