அத்தையின் நெய் பிஸ்கட்டும் நான் ஊற்றிய கால் டம்ளர் பாலும்

சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சென்னையில் இருக்கும் தங்கைக்கு ஒரு டப்பா நெய் பிஸ்கட் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது பாதிக்குமேல் விரிசல். மிச்சத்தைச் சுத்தியலால்தான் உடைக்க வேண்டும் என்றாள். “அக்கா, அத்தை நோட்டைப் பார்த்துத்தானே செஞ்ச?” ஆமாம் என்றேன். அதில் பாதிதான் உண்மை.

பாளையங்கோட்டை வீட்டில் அத்தையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறது. மைதா இரண்டு டம்ளர், பொடித்த சீனி ஒரு டம்ளர், உறைந்த நெய் ஒரு டம்ளர், ஏலக்காய், உப்பு, ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை. அடியில் இரண்டு வரி: ‘தண்ணி படாமப் பிசையணும். ராத்திரி பூரா ஆறவிட்டு மூடணும்.’ எந்த அளவு டம்ளர் என்று இல்லை. தேவையும் இல்லை, விகிதம் மாறாவிட்டால் போதும். வடக்கே செய்யும் நான்கட்டாய்க்கு இது நெருங்கிய உறவு.

உடம்புக்கு நல்லது என்று நான் நெய்யைப் பாதியாகக் குறைத்தேன். மாவு உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தது. கால் டம்ளர் பால் ஊற்றினேன். கெட்டது அங்கேதான்.

மைதாவில் குளூட்டெனின், கிளையடின் என இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இவை கைகோத்து குளூட்டன் என்ற ரப்பர் வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவது இந்த வலையால்தான். பிஸ்கட்டுக்கு அது ஆகாது. வாயில் வைத்ததும் பிஸ்கட் பொடிய வேண்டும். நெய் மாவுத் துகள்களைப் பூசி, தண்ணீரை அண்டவிடாமல் தடுக்கிறது. வெண்ணெயில்கூட நூற்றுக்குப் பதினாறு பங்குவரை நீர் இருக்கும். நெய்யில் அநேகமாக இல்லை. பாலிலோ பெரும்பங்கு நீர்தான். நான் செய்தது பிஸ்கட் வடிவில் ஒரு பரோட்டா.

‘உறைந்த நெய்’ என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. கெட்டி நெய்யோடு சீனியைத் தேய்த்துக் குழைக்கும்போது சர்க்கரைத் துகள்கள் நெய்யைக் கீறிக்கொண்டு போகின்றன. அந்தக் கீறல்களில் காற்று சிக்குகிறது. கலவை வெளுத்து, பஞ்சுபோல ஆவது அதனால்தான். சோடா புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருப்பதை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. உருகிய நெய்யில் காற்று தங்காது, அடுப்பில் பிஸ்கட் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். டிசம்பரில் எங்கள் ஊரில் நெய் தானே உறையும், சித்திரையில் எண்ணெயாக நிற்கும். அத்தை மே மாதத்தில் பிஸ்கட் சுட்டு நான் பார்த்ததில்லை. இப்போதுதான் காரணம் புரிகிறது.

சோடா சிட்டிகையைத் தாண்டக் கூடாது. சூட்டில் அது கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சோடியம் கார்பனேட்டாக மிஞ்சும். கூடினால் வாயில் சோப்புச் சுவை.

நிறமும் என்னைக் காட்டிக்கொடுத்தது. அத்தையின் பிஸ்கட் மேலே சந்தன நிறமாகவும் அடியில் மட்டும் பொன்னிறமாகவும் இருக்கும். என்னுடையது முழுக்கத் தவிட்டு நிறம். மாவுப் புரதமும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து நிறமும் மணமும் தருவதை 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் விளக்கினார். நாம் போடும் சீனி அப்படியே இந்த வினையில் இறங்காது. பாலில் உள்ள லாக்டோஸ் இறங்கும். கருப்பட்டி போட்டவர்களின் பிஸ்கட் சீக்கிரம் சிவப்பதற்கும் இப்படி வினையில் இறங்கும் சர்க்கரைகளே காரணம்.

விரிசலுக்கு வருவோம். டப்பாவைக் கொண்டுபோனவர்கள் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று முதலில் திட்டினேன். பாவம், அவர்கள்மேல் குற்றமில்லை. அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட்டின் ஓரம் உலர்ந்திருக்கும், நடுவில் கொஞ்சம் ஈரம் தங்கியிருக்கும். ஆறும்போது ஓரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. நடுப்பகுதி ஈரத்தை இழந்து சுருங்குகிறது. இந்த இழுபறியில் யாரும் தொடாமலே பிஸ்கட் பிளக்கிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் லேசர் கொண்டு இதை அளந்தே காட்டினார்கள். நெய் குறைந்த, மெல்லிய பிஸ்கட்டில் இந்தத் தொல்லை அதிகம். நான் நெய்யைக் குறைத்ததும் போதாதென்று, அரைகுறையாக ஆறியதை டப்பாவில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். ‘ராத்திரி பூரா’ என்ற வரியை ஒழுங்காகப் படித்திருக்கலாம்.

இன்னொன்று: அடுப்பிலிருந்து எடுக்கும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ள வேண்டாம். உருகிய நெய்யும் பாகான சர்க்கரையும் ஆறி இறுகினால்தான் மொறுமொறுப்பு வரும். அதுவரை தட்டிலேயே கிடக்கட்டும்.

இந்த முறை செய்பவர்கள் முதலில் இரண்டே இரண்டை மட்டும் சுட்டுப் பாருங்கள். படர்ந்தால் மிச்ச மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி நெய் விடுங்கள். பால் பக்கம் மட்டும் போகாதீர்கள்.