5 கறுப்பர்கள் ஆடினார்கள், அமெரிக்கா மாறியது!
ஒரு சின்னக் கல்லூரிக் கூடைப்பந்து குழுவின் கதை

1966-ம் ஆண்டு மார்ச் 19. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக உள்அரங்கம். கல்லூரிகளுக்கான தேசிய கூடைப்பந்து இறுதிப் போட்டி.

ஒரு பக்கம் கென்டக்கி பல்கலைக்கழகம். நாட்டிலேயே நம்பர் 1 குழு. ஏற்கனவே 4 முறை பட்டம் வென்ற குழு. பயிற்சியாளர் அடால்ஃப் ரப் என்றாலே எதிரிக்கு வயிற்றைக் கலக்கும். அத்தனை ஆட்டக்காரர்களும் வெள்ளையர்கள்.

எதிர்ப்பக்கம் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி. மெக்சிகோ எல்லையில் எல் பாசோ என்ற ஊரில் இருக்கிற கல்லூரி. களத்தில் இறங்கிய 5 பேரும் கறுப்பர்கள்!

தேசிய இறுதிப் போட்டியில் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

எழுதாத சட்டம்

இதில் என்ன அதிசயம் என்று இன்று கேட்கலாம். அன்றைய நிலைமை வேறு. தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கறுப்பருக்குக் குழுவில் இடமே கிடையாது. இடம் தந்த கல்லூரிகளிலும் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் இறக்கக்கூடாது என்று எழுதாத சட்டம் இருந்தது.

டெக்சாஸ் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் ஒரு வெள்ளையர். பட்டப்பெயர் 'கரடி'! சின்ன ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மாணவிகளுக்குக்கூடப் பயிற்சி தந்துவிட்டு, 1961-ல் இங்கே வந்தவர். சம்பளத்தோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. குடும்பத்தோடு மாணவர் விடுதியிலேயே தங்கிப் பையன்களைக் கவனிக்க வேண்டும்!

நியூயார்க், டெட்ராய்ட், கேரி என்று தொலைதூர நகரங்களிலிருந்து நல்ல பையன்களைத் தேடிப் பிடித்தார். பயிற்சியில் பெண்டு நிமிர்த்திவிடுவார்.

கில்லாடி ஹில்

இறுதிப் போட்டியில் வேகம்தான் முக்கியம் என்று ஹாஸ்கின்ஸ் கணக்குப் போட்டார். குழுவிலேயே குள்ளமான வில்லி வோர்ஸ்லியைத் தொடக்கத்திலேயே இறக்கினார். உயரம் ஐந்தரை அடிதான்!

ஆட்டம் தொடங்கியதுமே டேவிட் லாட்டின் எகிறிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணித்தார். பிறகு பாபி ஜோ ஹில் வந்தார். கென்டக்கிக்காரர் கையில் இருந்த பந்தை லபக்கென்று பறித்து ஓடிக் கூடையில் போட்டார். எதிரி சுதாரிப்பதற்குள் மறுபடியும் பறித்தார், போட்டார்! கென்டக்கி ஆடிப்போனது.

முடிவு: டெக்சாஸ் 72, கென்டக்கி 65.

களக்கூடை கென்டக்கிக்கு 27, டெக்சாசுக்கு 22. பிறகு எப்படி ஜெயித்தார்கள்? தவறுக்குக் கிடைக்கும் தனி எறிதலில் டெக்சாஸ் 28 புள்ளி அள்ளியது. கென்டக்கிக்கு 11-தான். கறுப்பர்கள் நெருக்கடியில் நிதானம் இழப்பார்கள் என்று பேசியவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்!

வசைக் கடிதங்கள்

வெற்றிக்குப் பிறகு ஹாஸ்கின்சுக்குக் கட்டுக் கட்டாக வசைக் கடிதங்கள் வந்தன. அவரோ, புரட்சி செய்ய நினைக்கவில்லை, நன்றாக ஆடியவர்களை இறக்கினேன், அவ்வளவுதான் என்றே கடைசிவரை சொல்லி வந்தார்.

ஆனால் கதவு திறந்துவிட்டது. தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பரைச் சேர்த்தன. தோற்றுப்போன கென்டக்கியே 1969-ல் முதல் கறுப்பு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தது!

கல்லூரியின் பெயர் 1967-ல் 'எல் பாசோ டெக்சாஸ் பல்கலைக்கழகம்' என்று மாறியது. 1999 வரை அங்கேயே இருந்த ஹாஸ்கின்ஸ் 719 வெற்றிகள் குவித்தார். 2006-ல் இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது. 2007-ல் கூடைப்பந்து புகழரங்கில் அந்தக் குழு முழுவதற்கும் இடம் கிடைத்தது.

ஹில் 2002-லும், ஹாஸ்கின்ஸ் 2008-லும் காலமானார்கள். டெக்சாஸ் மாநிலத்துக்கு ஆண்கள் பிரிவில் இந்தப் பட்டம் மீண்டும் கிடைக்க, 2021-ல் பேய்லர் பல்கலைக்கழகம் ஜெயிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திறமை இருந்தால் இறக்கு, ஆடட்டும் என்று ஒருவர் நினைத்தார். 55 ஆண்டுகள் யாராலும் தொட முடியாத பட்டம் கிடைத்தது!