செத்தாலும் பாதிக் காசுதான் போகும்! ஜப்பானை ஆட்டிப்படைத்த வீடியோ கேம்

கை வேகம் இருந்தால்தான் வீடியோ கேமில் ஜெயிக்கலாம் என்ற நினைப்பை ஜப்பானில் மாற்றிய விளையாட்டு 'டிராகன் குவெஸ்ட்'. யூஜி ஹோரி உருவாக்கிய இந்த கேம் 1986-ம் ஆண்டு மே 27-ந்தேதி விற்பனைக்கு வந்தது.

பாட்டி சொல்லும் ராஜா கதை மாதிரிதான். இளவரசியை மீட்டு, டிராகன் அரசனை வீழ்த்த வேண்டும். வீரனுக்கு ராஜா 120 தங்கக்காசு கொடுத்து அனுப்புவார்.

எடுத்த எடுப்பில் பெரிய பூதத்துடன் மோதினால் அவ்வளவுதான். முதலில் கோட்டை பக்கம் திரியும் 'ஸ்லைம்' என்ற நீலநிற குட்டிப் பிசாசுகளை அடிக்க வேண்டும். கிடைக்கும் காசில் வாள், கவசம் வாங்கலாம். அனுபவப் புள்ளி சேர்ந்தால் 'லெவல்' ஏறும். மொத்தம் 30 லெவல்.

வழியில் செத்தால்? பாதிக் காசு போய்விடும். சேர்த்த அனுபவம் மட்டும் போகாது. ராஜா முன்னால் மறுபடி எழுந்து நிற்கலாம். பொறுமையாக ஆடினால் சின்னப் பையனும் ஜெயிக்கலாம்.

உண்மையான பூதம் வேறு. ஆட்டத்தை நிறுத்தும்போது ராஜா 20 எழுத்து மந்திரம் சொல்வார். அதை எழுதி வைத்து, மறுநாள் அடித்தால்தான் தொடர முடியும். தப்பாக எழுதினால் பட்ட பாடெல்லாம் வீண்!

3-வது பாகத்தில் பேட்டரி வந்ததால் மந்திரத் தொல்லை ஒழிந்தது. அது வெளியான 1988 பிப்ரவரி 10-ந்தேதி, புதன்கிழமை. பள்ளிக்கு மட்டம் போட்ட மாணவர்களும் கடை வாசலில் வரிசை கட்டினர்.

இதனால் வேலை நாளில் விற்க அரசு தடைச் சட்டம் போட்டது என்பது வெறும் வதந்தி. ஆனால் 4-வது பாகம் வெளியான 1990 பிப்ரவரி 11-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை!